ஜப்பானியத் தேயிலைக் கடைக்குப் போகுமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கியோட்டோவுக்கு வரும் உறவினர்களையும் நண்பர்களையும் அங்குள்ள பழைய தேயிலைக் கடைகளுக்கு அழைத்துச் செல்வது பல ஆண்டுகளாக என் வழக்கம். கடை வாசலில் தொங்கும் துணித்திரையைத் தாண்டும் முன்பே கேள்விகள் தொடங்கிவிடும். ஊர் திரும்பிய பிறகும் தொலைபேசியில் தொடரும். அவர்கள் கேட்ட சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கியோட்டோ நகரையும் அதற்குத் தெற்கே உள்ள உஜியையும் மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை. பெரும்பாலானவை ஜப்பானின் மற்ற ஊர்களுக்கும் பொருந்தும்.

தேயிலைக் கடை என்றால் நம் டீக்கடை மாதிரியா? உள்ளே உட்கார்ந்து குடிக்கலாமா?

முதன்மையாக அது இலை விற்கும் இடம். நம் ஊரில் கொட்டையை வறுத்து, கேட்ட பதத்தில் அரைத்துத் தரும் காப்பித்தூள் கடையை நினைத்துக்கொண்டால் ஏறக்குறையச் சரியாக இருக்கும். மரப் பலகை மேசைக்குப் பின்னால் பெரிய தேயிலை ஜாடிகள் வரிசையாக நிற்கும். நீங்கள் கேட்கும் இலையை எடுத்துக் காட்டி, நிறுத்து, பொட்டலமாகவோ தகர டப்பாவிலோ தருவார்கள். வாங்குவதற்கு முன் சுவைத்துப் பார்க்க ஒரு சிறு கிண்ணம் தருவது பல கடைகளில் வழக்கம்.

சில கடைகள் இதனுடன் அமர்ந்து அருந்தும் அறையையும் வைத்திருக்கின்றன. கியோட்டோவின் தெராமாச்சித் தெருவில் உள்ள இப்போடோ 1717இல் தொடங்கிய கடை. அதன் காபோகு என்னும் அறையில் பணியாளர் அருகில் நின்று சொல்லித்தர, வாடிக்கையாளரே தேநீர் போட்டுக் குடிக்கலாம். உஜியில் 1854இல் தொடங்கிய நகாமுரா தோகிச்சி இருக்கிறது. உஜிப் பாலத்தின் கிழக்கு முனையில் உள்ள ட்சூயென், தன் தொடக்கத்தை 1160ஆம் ஆண்டு என்று சொல்கிறது. இப்போதுள்ள மரக் கட்டடம் 1672இல் கட்டப்பட்டது. பாலத்தைக் கடக்கும் வழிப்போக்கர்களுக்குத் தேநீர் கொடுத்த இடம் அது.

எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. கியோட்டோவா, உஜியா?

உஜிக்குப் போங்கள். கியோட்டோ நிலையத்திலிருந்து ஜே.ஆர். நாரா ரயில் தடத்தில் அரை மணி நேரத்திற்குள் போய்ச் சேரலாம். பத்து யென் நாணயத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் பியோதோ-இன் கோயிலின் ஃபீனிக்ஸ் மண்டபம் அங்கேதான் இருக்கிறது, 1053இல் கட்டப்பட்டது. அந்தக் கோயிலுக்குச் செல்லும் தெருவின் இரு பக்கமும் தேயிலைக் கடைகள். எந்தக் கடையில் இலை வறுக்கிறார்கள் என்பதை மூக்கே சொல்லிவிடும்.

ஆனால் ஐந்து கடைகளில் ஏறி இறங்க வேண்டாம். மூன்றாவது கடைக்குள் நாக்கு களைத்துவிடும். பிறகு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒரே இலையை இரண்டு மூன்று முறை ஊறவைத்துக் குடித்தவர்கள்தான் என்னிடம் பின்னாளில் அந்தச் சுவையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது. வார இறுதிகளில் பேர் பெற்ற கடைகளில் காத்திருப்பு நீளும். அமரும் அறைகள் பல மாலையில் சீக்கிரமே மூடிவிடும்.

இந்தப் பச்சைத் தேயிலையும் நம் நீலகிரி, இலங்கைத் தேயிலையும் வேறு வேறு செடியா?

செடி ஒன்றுதான். வேறுபாடு பறித்த பிறகு நடப்பதில் இருக்கிறது. வாழைக்காயை நறுக்கி வைத்தால் சிறிது நேரத்தில் கறுத்துவிடும் அல்லவா, பறித்த தேயிலைக்குள்ளும் அதே வகை மாற்றம் நிகழ்கிறது. நீலகிரியிலும் நுவரெலியாவிலும் இலையை வாட விட்டு, உருட்டி, காற்றுப்பட்டுப் பழுப்பாகும்வரை வைத்திருந்து உலர்த்துகிறார்கள். நமக்குப் பழக்கமான செந்நிறமும் கடுப்பும் அதில் பிறப்பவை. ஜப்பானில் பறித்த இலையைத் தாமதமின்றி நீராவியில் காட்டி, அந்த மாற்றத்தைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். அதனால் இலை பச்சையாகவே தங்குகிறது.

சீனப் பச்சைத் தேயிலையில் பெரும்பகுதி இரும்புச் சட்டியில் வாட்டப்படுகிறது. ஆகவே அதில் வறுத்த கொட்டையின் மணம் இருக்கும். நீராவியில் காட்டிய ஜப்பானிய இலையில் கீரையின் மணமும் புல்லின் மணமும் மேலோங்கும். இலையை ஆவியில் அவித்து, சூடான மேடையில் கையால் உருட்டி உலர்த்தும் முறையை 1738இல் செம்மைப்படுத்தியவர் உஜிக்கு அருகிலுள்ள யுயாதானி என்ற ஊரைச் சேர்ந்த நகதானி சோயென். இன்று குடிக்கப்படும் சென்ச்சா என்ற இலைத் தேநீருக்கு அடிப்படை அந்த முறைதான்.

பட்டியலில் ஏழெட்டுப் பெயர்கள் இருக்கின்றன. எதை என்னவென்று புரிந்துகொள்வது?

இரண்டு கேள்விகளைக் கேட்டால் பட்டியலே தெளிவாகிவிடும்: செடி வெயிலில் வளர்ந்ததா நிழலில் வளர்ந்ததா, இலை அப்படியே உலர்த்தப்பட்டதா வறுக்கப்பட்டதா. வேர் அனுப்பும் தியனின் என்னும் பொருள்தான் தேநீருக்கு இனிமை கலந்த ஆழ்சுவையைத் தருகிறது. வெயில் பட்டால் இலைக்குள் அது துவர்ப்பைத் தரும் கேட்டச்சின்களாக மாறுகிறது. பறிப்பதற்கு முன் செடிக்கு மேல் பந்தலிட்டு வெயிலைத் தடுத்தால் அந்த மாற்றம் குறைந்து, இனிமை மிஞ்சுகிறது. முன்பு நாணற்பாயும் வைக்கோலும் பரப்பினார்கள். இப்போது பெரும்பாலும் கறுப்பு வலை.

வெயிலில் வளர்ந்தது சென்ச்சா. மணம், துவர்ப்பு, இனிமை மூன்றும் அளவாகக் கலந்திருக்கும். ஏறத்தாழ இருபது நாள் நிழலில் வைத்தது கியோகுரோ. ஒரு வாரம் பத்து நாள் மட்டும் மூடியது கபுசேச்சா, இரண்டுக்கும் இடைப்பட்டது. கியோகுரோவைப் போலவே நிழலில் வளர்த்து, உருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிய இலைக்குத் தென்ச்சா என்று பெயர். அதைக் கல் எந்திரத்தில் அரைத்தால் மாட்சா.

மற்றவை அன்றாடத் தேநீர்கள். முற்றிய இலையில் செய்வது பான்ச்சா. வறுத்தது ஹோஜிச்சா. வறுத்துப் பொரித்த அரிசி கலந்தது கென்மாய்ச்சா. காம்புகளைத் தனியே எடுத்தது குகிச்சா. கியோட்டோவில் அதைக் கரிகனே என்பார்கள். கியோட்டோவுக்கே உரிய இரிபான்ச்சா என்று ஒன்று உண்டு. பொட்டலத்தைத் திறந்தால் விறகடுப்புப் புகையின் மணம் வரும். முதன்முறை முகர்பவர்கள் திடுக்கிடுவதுண்டு, ஆனால் கியோட்டோ வீடுகளில் அது நாள் முழுவதும் குடிக்கும் தேநீர்.

முதல் தடவை போகிறேன். எதைக் கேட்டால் ஏமாற்றம் இருக்காது?

சென்ச்சாவில் தொடங்குங்கள், நடுத்தர விலையில். இருவராகப் போனால் ஒருவர் சென்ச்சாவும் மற்றவர் கியோகுரோவும் கேட்டு, மாற்றி மாற்றிச் சுவைத்துப் பாருங்கள். வெயிலும் நிழலும் செய்யும் வேறுபாடு அப்போதுதான் நாக்குக்குப் புரியும். கடைசியில் ஹோஜிச்சா கேளுங்கள். அதன் வறுத்த மணம் வலுவானது என்பதால் அதை முதலில் குடித்தால் மற்றவற்றின் மென்மை மறைந்துவிடும். காப்பி குடித்துவிட்டு நேராகப் போவதையும் அதே காரணத்திற்காகத் தவிர்க்கச் சொல்கிறேன்.

பாலும் சர்க்கரையும் கேட்டால் தருவார்களா?

இலைத் தேநீருக்குத் தரமாட்டார்கள்; கேட்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். நம் தேநீரின் கடுப்பு பாலைத் தாங்கும் அளவுக்கு வலுவானது. சென்ச்சாவில் பால் ஊற்றினால் பாலின் சுவை மட்டுமே எஞ்சும். பால் இல்லாமல் முடியாது என்பவர்களுக்குப் பல கடைகளில் மாட்சா லாத்தேயும் ஹோஜிச்சா லாத்தேயும் கிடைக்கின்றன. வறுத்த இலை பாலோடு நன்றாகவே சேரும். என் அத்தைக்கு உஜியில் பிடித்துப்போனது ஹோஜிச்சா லாத்தே ஒன்றுதான். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

சூடே இல்லாமல் தருகிறார்களே! கொதிக்கும் நீரை ஊற்றினால் என்ன?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். இலையிலிருந்து எந்தச் சுவை இறங்குகிறது என்பதை நீரின் சூடுதான் தீர்மானிக்கிறது. ஆழ்சுவை தரும் தியனின் வெதுவெதுப்பான நீரிலேயே இறங்கிவிடும். துவர்ப்பும் கசப்பும் தரும் கேட்டச்சின்களும் கஃபீனும் சூடு ஏற ஏறத்தான் அதிகமாக இறங்கும். ஆகவே ஆறிய நீர் இலையின் இனிமையை மட்டும் பிரித்தெடுக்கிறது. கொதிநீர் எல்லாவற்றையும் ஒன்றாக வெளியே இழுத்துவிடுகிறது. கியோகுரோவுக்கு 50 முதல் 60 பாகை, நல்ல சென்ச்சாவுக்கு 70 முதல் 80 பாகை என்பது பொதுக் கணக்கு. ஹோஜிச்சா, கென்மாய்ச்சா, பான்ச்சா ஆகியவற்றுக்குக் கொதிநீரையே ஊற்றலாம். அவற்றில் காக்கவேண்டியது மணம், மணம் எழுவதற்குச் சூடு வேண்டும்.

தமிழில் இதற்கு ஒரு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: ஆற்றுதல். நாம் டபராவிலும் டம்ளரிலும் மாற்றி மாற்றிப் போட்ட காப்பியை ஆற்றுகிறோம். அவர்கள் தேநீர் போடுவதற்கு முன் வெந்நீரை ஆற்றுகிறார்கள். யுசமாஷி என்ற மூக்குள்ள கிண்ணம் அதற்கென்றே இருக்கிறது. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழப் பத்துப் பாகை குறையும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் வெப்பமானி தேவைப்படாது.

பாத்திரங்களை என்னிடமே கொடுத்து, "நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்" என்றால் என்ன செய்வது?

பதற்றம் வேண்டாம், பணியாளர் ஒருமுறை செய்து காட்டுவார். தட்டில் பொதுவாக நான்கு பொருள்கள் இருக்கும்: கைப்பிடி பக்கவாட்டில் நீண்டிருக்கும் கியூசு என்னும் சிறு கெண்டி (கியோகுரோவுக்குக் கைப்பிடியே இல்லாத ஹோஹின்), இலை, ஆற்றும் கிண்ணம், உள்ளங்கைக்குள் அடங்கும் குவளைகள். கியோகுரோ என்றால் பத்து கிராம் இலைக்கு 80 மில்லிலிட்டர் நீர்தான். இலையின் அளவைப் பார்த்து, "இவ்வளவா?" என்று எல்லோரும் கேட்பார்கள். ஆம், அவ்வளவுதான், அடர்ந்த சாறாக இறங்க வேண்டிய தேநீர் அது. ஆற்றிய நீரை ஊற்றி ஒன்றரை நிமிடம் மூடி வையுங்கள். சென்ச்சாவுக்கு ஒரு நிமிடம் போதும். குலுக்கவோ கலக்கவோ கூடாது. குலுக்கினால் துவர்ப்பு இறங்கும்.

இந்த ஒன்றரை நிமிடத்தில் முடிந்தால் மூடியைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். ஊசிபோல் இறுகிச் சுருண்டிருந்த கரும்பச்சை இலை நீரைக் குடித்து, மெல்லத் தளர்ந்து, மீண்டும் தளிராக விரிவது தெரியும். பிறகு குவளைகளில் ஒன்றை முழுதாக நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாகச் சுற்றி ஊற்றுங்கள். முதலில் இறங்குவது நீர்த்தும் கடைசியில் இறங்குவது அடர்ந்தும் இருக்கும் என்பதால் அப்போதுதான் எல்லோருக்கும் ஒரே சுவை கிடைக்கும். கெண்டியைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருக்க வேண்டும். சுவை செறிந்த சொட்டு அது. தவிர, நீர் உள்ளே தேங்கினால் இலை தொடர்ந்து ஊறி, அடுத்த முறை கசக்கும்.

அதே இலையை எத்தனை முறை பயன்படுத்தலாம்? பிறகு தூக்கி எறிந்துவிட வேண்டியதுதானா?

சென்ச்சாவும் கியோகுரோவும் மூன்று முறை தாங்கும். இலை ஏற்கெனவே விரிந்துவிட்டதால் இரண்டாம் முறை காத்திருக்கத் தேவையில்லை. நீரை மட்டும் கொஞ்சம் கூடுதல் சூட்டில் ஊற்றி, சில நொடிகளில் வடித்துவிடலாம். முதல் முறை இனிமை, இரண்டாம் முறை துவர்ப்பு, மூன்றாம் முறை இதமான கசப்பு என்று ஒரே இலை மூன்று முகம் காட்டும். காரணம் சூடு பற்றிய பதிலில் சொன்னதுதான். வெந்நீர் தீர்ந்தால் "ஒயு" என்று கேளுங்கள். வெந்நீர் என்று பொருள்.

கியோகுரோவின் சக்கையை எறிய வேண்டாம். சில கடைகளில் அதன்மேல் ஊற்றிக்கொள்ளப் புளிப்பான பொன்சு சாறோ சோயா சாறோ தருவார்கள். இளந்தளிர் என்பதால் மெல்லிய கீரைக் கூட்டுபோல் இருக்கும். பொன்சுவில் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும். சைவர்கள் சோயா சாறோ சிறிது உப்போ கேட்கலாம்.

விலை உயர்ந்த கியோகுரோ குடித்தேன். கடற்பாசி மாதிரி வாசம் அடித்தது. பழைய சரக்கைக் கொடுத்துவிட்டார்களா?

நேர்மாறாக, அது நல்ல சரக்கின் அடையாளம். நிழலில் வளர்ந்த இலைக்கு மட்டும் வரும் அந்த மணத்துக்கு ஓய்கா என்று பெயர். பந்தல் மணம் என்று சொல்லலாம். அதற்கு முக்கியக் காரணம் டைமெத்தில் சல்ஃபைடு என்ற பொருள். உலர்ந்த கடற்பாசியிலும் அதே பொருள் இருப்பதால்தான் உங்களுக்குக் கடல் நினைவு வந்தது.

சுவையும் நமக்குப் புதியதுதான். பாசிப்பருப்பு வேகவைத்த நீரையும் முருங்கைக்கீரை வேகவைத்த நீரையும் நினைத்துக்கொண்டு குடியுங்கள், தேநீரை நினைத்துக்கொண்டு குடிக்காதீர்கள் என்று நான் சொல்வதுண்டு. ஜப்பானியர் உமாமி என்று அழைக்கும் இந்தச் சுவையை இக்கேடா கிகுனாயே என்ற வேதியியல் அறிஞர் 1908இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து அடையாளம் கண்டார். ஒரு மிடறை நாக்கில் நிறுத்தி, விழுங்கியபின் சற்று நேரம் பேசாமல் இருங்கள். இனிமை தொண்டையிலிருந்து திரும்பி வரும்.

சென்ச்சா கலங்கலாக, அடியில் பொடியோடு வந்தது. தரம் குறைந்ததா?

பெரும்பாலும் அது ஃபுகாமுஷி எனப்படும் வகையாக இருக்கும். வழக்கமாக அரை நிமிடம் அளவுக்கு ஆவியில் காட்டும் இலையை அதற்கு ஒரு நிமிடத்துக்கும் மேலாக வைத்திருப்பார்கள். இலை மென்மையாகி உடைவதால் பொடி இறங்கி, நிறம் அடர்பச்சையாகும், துவர்ப்பு குறையும். ஷிசுவோகாப் பகுதியில் பெரிதும் விரும்பப்படுவது இது. உஜிக் கடைகளிலோ தெளிந்த மஞ்சள் கலந்த பச்சையைத்தான் போற்றுவார்கள். இரண்டும் இரு ஊர்களின் ருசி. மேலே மிதக்கும் வெண்துகள் தூசி என்று நினைக்க வேண்டாம். இளந்தளிரின் அடியிலுள்ள மென்மயிர் அது.

மாட்சா கேட்டால் கிண்ணத்தைச் சுற்றிக் குடிக்க வேண்டுமாமே? விதிமுறை தெரியாமல் போனால் அவமானமா?

கடை வேறு, தேநீர்ச் சடங்கு வேறு. பதினாறாம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ வகுத்த நெறியில் நடக்கும் சானோயு என்னும் தேநீர் உபசாரத்திற்கு வரிசையும் முறையும் உண்டு; பல ஆண்டுகள் பயில வேண்டிய கலை அது. கடையில் உங்களிடம் அதை எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஆயினும் கிண்ணத்தைச் சுற்றுவதன் காரணம் அழகானது: கிண்ணத்தின் அழகான முகத்தை விருந்தினரை நோக்கி வைப்பார்கள், அந்த முகத்தில் வாய் வைக்காமல் இருக்க விருந்தினர் அதைச் சற்றுத் திருப்பிக்கொள்வார். ஒரு கையில் ஏந்தி மறு கையால் தாங்கிக் குடித்தாலே கடையில் போதுமான மரியாதை. நுரை அடங்குவதற்குள் குடித்துவிடுங்கள். ஆறினால் பொடி அடியில் தங்கிவிடும்.

முறைப்படியான உபசாரத்தை எளிதாகக் காண விரும்பினால் உஜி ஆற்றங்கரையில், பியோதோ-இன்னுக்கு அருகில், நகராட்சி நடத்தும் தைஹோவான் என்ற தேநீர் இல்லம் இருக்கிறது. அங்கே தரையில் பாயில் அமர வேண்டும் என்பதால் சுத்தமான காலுறை அணிந்து செல்லுங்கள்.

கூடவே தரும் இனிப்பை எப்போது சாப்பிடுவது? நாங்கள் சைவம், அதில் என்ன இருக்கும்?

மாட்சாவுக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுவது மரபு. வாயில் தங்கிய இனிப்பின் மேல் மாட்சாவின் கசப்பு இறங்கும்போது இரண்டும் நிறைவு பெறும். இலைத் தேநீருடன் இடையிடையே சாப்பிடலாம்.

மரபான ஜப்பானிய இனிப்புகளில் பெரும்பாலானவை சிவப்புப் பயற்று விழுது, அரிசி மாவு, சர்க்கரை, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர்-அகர் ஆகியவற்றால் ஆனவை. யோகான், மோச்சி, சோயா மாவு தூவிய வராபிமோச்சி ஆகியவற்றைச் சைவர்கள் பொதுவாகத் தயக்கமின்றி உண்ணலாம். தோராயாகி, கஸ்தெரா ஆகியவற்றில் முட்டை உண்டு. கண்ணாடிக் கோப்பையில் அடுக்கடுக்காக வரும் மாட்சா பர்ஃபே, ஜெல்லி ஆகியவற்றில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கக்கூடும், கேட்டுக்கொள்ளுங்கள். மாட்சா சோபா நூடுல்ஸ் பச்சையாகக் கண்ணைக் கவர்ந்தாலும் அதனுடன் வரும் சாறு மீனில் செய்தது.

மாட்சா என்பது கிரீன் டீயைப் பொடித்ததுதானே? அதற்கா இவ்வளவு விலை, அதிலும் ஒருவருக்கு ஒரு டப்பாதான் என்கிறார்கள்?

எந்தப் பச்சைத் தேயிலையைப் பொடித்தாலும் மாட்சா ஆகாது. மேலே வகைகளைப் பற்றிச் சொன்ன தென்ச்சாவிலிருந்து மட்டுமே அது வரும். சென்ச்சாவை அரைத்த பொடிக்குத் தனிப் பெயர் உண்டு, அதன் விலையும் குறைவு. கருங்கல் எந்திரம் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 40 கிராம்தான் அரைக்கும். வேகமாகச் சுற்றினால் கல் சூடேறி மணம் போய்விடும். இந்த நாற்பது கிராமில் இருபது கிண்ணம் மாட்சாதான் போட முடியும்.

2024 இலையுதிர் காலத்திலிருந்து உலகெங்கும் மாட்சாவுக்கான தேவை திடீரென உயர்ந்ததால் கியோட்டோவின் பெயர்பெற்ற கடைகள் விற்பனைக்கு வரம்பு வைத்தன. புதிதாகத் தேயிலைச் செடி நட்டால் நல்ல அறுவடைக்குச் சில ஆண்டுகள் ஆகும். எனவே அலமாரி காலியாக இருந்தால் கடைக்காரரிடம் சலித்துக்கொள்ள வேண்டாம். கேக்கிலும் பாலிலும் கலக்க விலை உயர்ந்த மாட்சாவை வாங்காதீர்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். வெந்நீரில் அடித்துக் குடிப்பதற்கென்று செய்யப்பட்டது அது.

மாலையில் குடித்தால் தூக்கம் வருமா? குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

ஜப்பானிய அரசின் உணவுச் சத்துப் பட்டியலின்படி 100 மில்லிலிட்டர் கியோகுரோவில் 160 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது. காப்பியில் 60, சென்ச்சாவிலும் ஹோஜிச்சாவிலும் 20. கியோகுரோ சிறு குவளையில் சில மிடறுகள்தான் என்பதால் எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டாம், ஆனால் மாலைக்கு மேல் அதையும் மாட்சாவையும் தவிர்ப்பது நல்லது. அரிசி கலந்திருப்பதால் கென்மாய்ச்சாவில் கஃபீன் குறைவு. ஜப்பானிய வீடுகளில் குழந்தைகளுக்கு ஆறவைத்த பான்ச்சாவும் ஹோஜிச்சாவும் கொடுப்பது வழக்கம். இரத்தச்சோகை உள்ளவர்கள் உணவோடு சேர்த்துத் தேநீர் குடிக்காமல் இடைவெளி விடுங்கள். உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேநீர் குறைக்கும்.

சுவைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வந்தால் தவறாக நினைப்பார்களா?

எவரும் வற்புறுத்த மாட்டார்கள்; ஒருவர் அரை மணி நேரம் உங்களுக்கு விளக்கியிருந்தால் மட்டும் சிறு ஹோஜிச்சாப் பொட்டலமாவது வாங்கிக்கொள்ளுங்கள், அதன் விலை மிகக் குறைவு. டிப்ஸ் என்று தனியாகப் பணம் வைக்கும் வழக்கம் ஜப்பானில் இல்லை. கட்டணத்தைக் கையில் நீட்டாமல் அங்குள்ள சிறு தட்டில் வையுங்கள். அமர்ந்து குடித்தால் வரி 10 விழுக்காடு, இலையாக வாங்கிச் சென்றால் 8 விழுக்காடு.

மணத்தை நம்பி நடக்கும் கடை அது. அத்தர், செண்ட் வேண்டாம்; தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு தேயிலைக் கடைக்குள் போவதையும் தவிர்க்கலாம். இலை இருக்கும் ஜாடிக்குள் குனிந்து மூச்சு விடாதீர்கள்; தட்டில் எடுத்துக் காட்டுவார்கள், அதை முகர்ந்து பாருங்கள்.

பட்டியலில் ஒரே வகைக்குப் பத்து விலை இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

இலைக்கு 100 கிராம் கணக்கில் விலை போடுவார்கள். மாட்சாவோ 20, 30, 40 கிராம் டப்பாக்களில் வரும், ஆகவே கிராமுக்கு எவ்வளவு என்று கணக்கிட்ட பிறகே ஒப்பிடுங்கள். முதல் பறிப்பா, கையால் பறித்ததா, எத்தனை நாள் நிழல் என்பவற்றைப் பொறுத்து விலை ஏறும். ஓர் எல்லைக்கு மேல் விலை கூடும்போது இனிமை கூடி மணத்தின் கூர்மை குறையும். சிலருக்கு அது பிடிப்பதில்லை. தயக்கமின்றி "ஒசுசுமே வா?" என்று கேளுங்கள், எதைப் பரிந்துரைக்கிறீர்கள் என்று பொருள். கடைக்காரர் விலை உயர்ந்ததை எடுத்து நீட்டுவதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

உஜித் தேயிலை என்று எழுதியிருந்தால் உஜியில் விளைந்ததுதானே?

அப்படி இருக்க வேண்டியதில்லை. 2004இல் கியோட்டோத் தேயிலை வணிகர்கள் வகுத்துக்கொண்ட வரையறைப்படி, கியோட்டோ, நாரா, ஷிகா, மியே ஆகிய நான்கு மாகாணங்களில் விளைந்து, கியோட்டோவில் முறைப்படி பதப்படுத்தப்பட்ட தேயிலையை உஜித் தேயிலை என்று விற்கலாம். உஜி நகருக்குள் இன்று தோட்டப் பரப்பு சிறியது. விளைச்சலின் அளவைப் பார்த்தால் ஷிசுவோகாவும் ககோஷிமாவும்தான் பெரியவை; 2024இல் முதன்முறையாக ககோஷிமா ஷிசுவோகாவை முந்தியது. பல தோட்டங்களின் இலைகளைக் கலந்து ஆண்டுதோறும் ஒரே சுவையைக் கொண்டுவருவது பழைய கடைகளின் தனித்திறன். கலப்பு என்ற சொல்லைக் கேட்டுக் கலப்படம் என்று எண்ணிவிடக் கூடாது.

எந்த மாதத்தில் போனால் நல்லது?

வசந்தத்தின் தொடக்க நாளிலிருந்து 88ஆம் நாள், அதாவது மே 2ஐ ஒட்டி, முதல் பறிப்பு உச்சத்தில் இருக்கும். அப்போது வரும் புதுத் தேயிலைக்கு ஷின்ச்சா என்று பெயர். அந்தப் பசுமணம் சில வாரங்களே நிற்கும். கியோகுரோவுக்கும் மாட்சாவுக்கும் அவசரம் இல்லை. கோடையை ஜாடிக்குள் கழித்தபின்தான் அவை கனிகின்றன. புதுத் தென்ச்சாவின் ஜாடியை நவம்பரில் திறப்பது தேநீர் நெறியில் ஒரு விழாவாகவே நடக்கிறது. கோடையில் போனால் பனிக்கட்டி உருக உருக ஊறிய கியோகுரோவைக் கேளுங்கள். கசப்பின் சுவடே இருக்காது.

கடையில் குடித்தது தேனாக இருந்தது. அதே இலையை வாங்கி வந்து சென்னையில் போட்டால் கசக்கிறது. ஏன்?

முதலில் சூட்டைப் பாருங்கள். கொதித்த நீரை மூன்று முறை பாத்திரம் மாற்றி ஆற்றினீர்களா என்று நான் கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். அடுத்தது நீர். ஜப்பானின் நீர் பொதுவாக மென்னீர். நம் ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மை சென்ச்சாவின் மணத்தை அமுக்கி, நிறத்தையும் மங்கச் செய்துவிடும். ஆர்.ஓ. நீரிலோ உப்புக் குறைந்த பாட்டில் நீரிலோ போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, இலையை வைத்திருக்கும் விதம். காற்று, வெளிச்சம், ஈரம், சூடு, மற்ற பொருள்களின் மணம் ஆகிய ஐந்தும் தேயிலைக்கு ஆகாதவை. மசாலா அலமாரியில் வைத்தால் ஒரே வாரத்தில் சீரக வாசம் ஏறிவிடும். திறக்காத பொட்டலத்தைக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். ஆனால் வெளியே எடுத்தவுடன் பிரிக்காமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள், இல்லையென்றால் நம் ஊர் ஈரக்காற்று இலைமேல் பனித்துளியாகப் படிந்துவிடும். திறந்ததை இறுக்கமான தகர டப்பாவில் போட்டு, சென்ச்சாவாக இருந்தால் இரண்டு மாதத்திற்குள்ளும் மாட்சாவாக இருந்தால் ஒரு மாதத்திற்குள்ளும் தீர்த்துவிடுங்கள். மணம் போன சென்ச்சா மிஞ்சிவிட்டால் எறிய வேண்டாம்: வாணலியைச் சிறு தீயில் சூடாக்கி, இலையைப் போட்டு, கை ஓயாமல் புரட்டி, பழுப்பேறி மணம் எழுந்தவுடன் இறக்கிக் காகிதத்தில் பரப்பிவிடுங்கள். நீங்களே வறுத்த ஹோஜிச்சா அது. கொதிநீரையே ஊற்றிக் குடிக்கலாம்.